கார் மக்கர் செய்தால்: வீட்டு வாசலிலேயே பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன பெட்ரோல் கார் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, ஐ10, ஸ்விஃப்ட் என்று எதுவாக இருந்தாலும் சரி, பானெட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் சமாச்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். வாரண்டி முடிந்திருக்கும். பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போகப் பயம். தெருமுனை மெக்கானிக் சொல்வது பாதி புரியாது. இந்த நிலையில் இருப்பவர்களின் பணம் பெரும்பாலும் ஊகத்தில்தான் போகிறது. "பேட்டரியாகத்தான் இருக்கும்" என்று புது பேட்டரி போடுவார்கள், சரியாகாது. அப்புறம் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள். கடைசியில் பார்த்தால் ஒரு கேபிள் முனை பூத்துப்போய்த் தளர்ந்திருக்கும்.

அதனால் எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன்னால் அதுதான் கெட்டிருக்கிறது என்று சோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள். காசு செலவில்லாமல் கண்ணாலும் காதாலும் பார்க்கக்கூடியதை முதலில் பாருங்கள். கழற்ற வேண்டியதைக் கடைசிக்கு வையுங்கள். கீழே வரும் எல்லாமே இந்த வரிசையில்தான் போகும்.

கையில் இருக்க வேண்டியவை

பெரிய டூல் பாக்ஸ் தேவையில்லை. 10, 12, 14 எண் ஸ்பானர்கள், ஒரு ஸ்க்ரூடிரைவர், கட்டிங் பிளேயர், நெற்றியில் மாட்டும் டார்ச், ரப்பர் கையுறை, ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். இவற்றில் எதை விட்டாலும் மல்டிமீட்டரை விடாதீர்கள். எலக்ட்ரிக்கல் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தச் சின்னக் கருவி, கார் மின்சாரத்தில் இருக்கும் பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். வண்டியின் ஓனர்ஸ் மேனுவல் இல்லையென்றால் கம்பெனியின் தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். எந்த ஃபியூஸ் எங்கே இருக்கிறது, ஜாக்கியை எங்கே வைக்க வேண்டும், என்ன ஆயில் ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

பாதுகாப்பில் சில விஷயங்களுக்கு விதிவிலக்கே கிடையாது. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நீட்டாதீர்கள். அடியில் போக வேண்டிய வேலை என்றால் ஜாக் ஸ்டாண்ட் வேண்டும். அது இல்லையென்றால் அந்த வேலை மெக்கானிக்குடையது. மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் பானெட் பக்கம் வரக் கூடாது. ஸ்டியரிங் அருகில் மஞ்சள் உறை போட்ட ஒயர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது, தொடவே வேண்டாம். ஹைப்ரிட் வண்டிகளில் ஆரஞ்சு நிற கேபிள்களும் அப்படித்தான்.

செல்ஃப் எடுக்கவில்லை

புதிதாகக் கார் வாங்கியவரை முதலில் தவிக்க வைப்பது இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாவியைத் திருப்பும்போது என்ன சத்தம் வருகிறது என்று கவனியுங்கள். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. "டிக் டிக் டிக்" என்று வேகமாக அடித்துக்கொண்டு டேஷ்போர்டு விளக்குகள் மங்கினால், பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் (பேட்டரியில் கேபிள் மாட்டும் முனை) சரியாகத் தொடவில்லை. "டக்" என்று ஒரே ஒரு சத்தம் வந்து, விளக்குகள் பிரகாசமாகவே இருந்தால் செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகப்படலாம். எந்தச் சத்தமும் இல்லை, விளக்கும் இல்லை என்றால் டெர்மினல் கழன்றிருக்கலாம், மெயின் ஃபியூஸ் போயிருக்கலாம், பேட்டரி மொத்தமாக இறங்கியிருக்கலாம். விளக்கு எரிகிறது, ஆனால் டக் சத்தம்கூட வரவில்லை என்றால், கிளட்சை முழுக்க மிதித்துப் பாருங்கள். கிளட்ச் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும்படி ஸ்விட்ச் வைத்த வண்டிகள் நிறைய உண்டு. ஆட்டோமேட்டிக் என்றால் கியரை நியூட்ரலுக்கு மாற்றி, பிரேக்கை அழுத்திக்கொண்டு மறுபடியும் முயலுங்கள்.

இப்போது பானெட்டைத் திறந்து டெர்மினல்களைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சை நீலமாகவோ மாவு மாதிரி பூத்திருக்கிறதா? கையால் திருகினால் கிளாம்ப் அசைகிறதா? அசையவே கூடாது. 10 எண் ஸ்பானரை எடுத்து முதலில் நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றுங்கள், அப்புறம் பாசிட்டிவ். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. காரின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருக்கும். பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பானர் தவறிப் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும், கையும் சுடும். ஆப்ப சோடாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு போய்விடும். கரைசல் பேட்டரி மூடிக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். துடைத்துக் காயவிட்டு, முதலில் பாசிட்டிவ், பிறகு நெகட்டிவ் என்று மாட்டி இறுக்குங்கள். மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிட்டால் மறுபடி பூப்பது குறையும். பேட்டரியைக் கழற்றினால் சில வண்டிகளில் மியூசிக் சிஸ்டம் கோடு (ரகசிய எண்) கேட்கும், அதை முன்பே தேடி எடுத்து வையுங்கள்.

டெர்மினல் சுத்தமாக இருந்தும் எடுக்கவில்லை என்றால் மல்டிமீட்டர். 20 வோல்ட் டி.சி. நிலையில் வைத்து, சிவப்பு முனையை பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் வையுங்கள். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்றிருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் பரவாயில்லை. 12.2க்கு வந்தால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால் காலி.

12.6 காட்டுகிறதே, பேட்டரி நன்றாக இருக்கிறது என்று இங்கே முடிவு கட்டிவிடாதீர்கள். வயதான பேட்டரி சும்மா இருக்கும்போது நல்ல எண்ணைத்தான் காட்டும். ஒருவரை உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லி, அந்த நேரத்தில் மீட்டரைப் பாருங்கள். சார்ஜ் நிறைந்த பேட்டரி 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அதன் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. நம் ஊர் வெயிலில் ஒரு கார் பேட்டரி சாதாரணமாக 3 முதல் 5 வருடம் உழைக்கும். அதன் மேலேயே தயாரித்த மாதம் வருடம் அடித்திருப்பார்கள், அல்லது கடைக்காரர் வாரண்டி ஸ்டிக்கரில் எழுதியிருப்பார்.

மெக்கானிக்குகள்கூடச் சிலசமயம் செய்யாமல் விடும் ஒரு சோதனை இருக்கிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கம்பத்திலும், மற்றொன்றை அந்தக் கம்பத்தைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்துச் செல்ஃப் போடச் சொல்லுங்கள். மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பில்தான் மின்சாரம் தடைபடுகிறது, பேட்டரிமேல் பழி போட வேண்டாம். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிளையும் இதே மாதிரி சோதிக்கலாம்.

பக்கத்து வீட்டுக் காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்வதென்றால் வரிசை தப்பக் கூடாது:

1. இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கட்டும். இரண்டிலும் சாவி அணைந்திருக்கட்டும்.
2. சிவப்பு கேபிளை முதலில் இறங்கிப்போன பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். மறுமுனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில்.
3. கறுப்பு கேபிளை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டுங்கள்.
4. கறுப்பின் மறுமுனையை உங்கள் பேட்டரியில் மாட்டாதீர்கள். உங்கள் இன்ஜினில் பெயின்ட் இல்லாத ஒரு கனமான இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். சார்ஜ் ஆகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.
5. நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து சில நிமிடம் ஓடவிட்டு, பிறகு உங்களுடையதை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாக.

அவசரத்தில் லாரியிடமிருந்து மின்சாரம் வாங்கப் பார்க்காதீர்கள். லாரி, பஸ்களில் 24 வோல்ட். உங்கள் காரின் கம்ப்யூட்டர் தாங்காது.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும். ஏ.எம்.டி. (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் வகை) உட்பட எந்த ஆட்டோமேட்டிக்கிலும் வேலைக்காகாது. சாவியை ஆன் செய்து, இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்து வைத்து, வண்டி ஓரளவு வேகம் பிடித்ததும் கிளட்சைச் சட்டென்று விட வேண்டும். இன்ஜின் ஓடாதவரை பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாக இருக்கும். சரிவான தெருவில் இதைச் செய்யாதீர்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆன பிறகும் மீட்டரை எடுத்து வைத்துவிடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் டைனமோ சார்ஜ் செய்கிறது. 12 சொச்சத்திலேயே நின்று ஏறவில்லை என்றால் டைனமோவோ அதன் பெல்ட்டோ கெட்டிருக்கிறது; புது பேட்டரி போட்டாலும் இரண்டொரு நாளில் இறங்கிவிடும். புதிய வண்டிகள் சிலவற்றில் டைனமோவை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துவதால் இந்த எண் கொஞ்சம் ஏறி இறங்கும், அது பழுதல்ல. இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றி "ஆஃப் ஆகவில்லை பாருங்கள், டைனமோ ஓகே" என்று காட்டும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. யாராவது அப்படிச் செய்ய வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் விலை உயர்ந்த எலக்ட்ரானிக் பாகங்களைச் சுட்டுவிடும்.

பேட்டரியும் டைனமோவும் நன்றாக இருந்தும் இரவோடு இரவாகச் சார்ஜ் இறங்கினால் எங்கோ ஏதோ எரிந்துகொண்டிருக்கிறது. டிக்கி விளக்கு, பின்னால் மாட்டிய டேஷ் கேமரா, கடையில் போட்ட ஆம்ப்ளிஃபயர், இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை மறந்துவிடுங்கள். பெட்ரோல் வரவில்லை அல்லது பொறி வரவில்லை. டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்று முள்ளை மட்டும் நம்பாமல் யோசியுங்கள். பிறகு சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, பின் சீட்டுப் பக்கம் காதைக் கொடுங்கள். பெட்ரோல் பம்ப் இரண்டு வினாடி "விர்ர்" என்று ஓடி நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் பம்ப்பின் ஃபியூஸ், அதன் ரிலே (மின்சாரத்தை ஆன் ஆஃப் செய்யும் சின்னப் பெட்டி ஸ்விட்ச்), கடைசியில் பம்ப் என்று போங்கள். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தால் இம்மொபிலைசர் (திருட்டைத் தடுக்கும் எலக்ட்ரானிக் பூட்டு) உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

ஃபியூஸ் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. போனதை எடுத்துவிட்டு அதே ஆம்பியரில்தான் போட வேண்டும். பெரியதைப் போட்டாலோ உள்ளே செம்புக் கம்பியைச் சுற்றினாலோ அடுத்து எரிவது ஒயரிங். சரியான ஃபியூஸ் போட்டும் உடனே போகிறதென்றால் ஷார்ட் இருக்கிறது. ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

வண்டி ஹீட் ஆகிறது

மேலே சொன்ன பழுதுகள் உங்களை வீட்டில் நிறுத்தும். ஹீட் ஆகும் வண்டியைத் தெரியாமல் ஓட்டினால் இன்ஜினே போய்விடும், இதில் பிடிவாதம் காட்டாதீர்கள்.

ஓடும்போது டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி மேலே ஏறுவதைக் கண்டால் ஏ.சி.யை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூடு கொஞ்சம் வெளியேறும். ஓரமாக நிறுத்த இடம் தேடுங்கள். ஊசி சிவப்பைத் தொட்டாலோ, பானெட்டிலிருந்து ஆவி வந்தாலோ அங்கேயே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சில கார்களில் ஊசியே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அரை மணி நேரமாவது ஆறட்டும், மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்கும் அளவுக்கு வரட்டும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் விட்டுப்போய் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் அதே அளவு ஆபத்து, ஹெட் (இன்ஜினின் மேல் பகுதி) விரிசல் விடலாம்.

ஆறிய பிறகு கூலண்ட் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். குறைந்திருந்தால் அது எங்கே போனது என்பதுதான் கேள்வி. ஹோஸ் கிளிப்கள், ரேடியேட்டரின் ஓரங்கள், வாட்டர் பம்ப்பின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வெள்ளை அல்லது பச்சைக் கறை தேடுங்கள். கசிவு காய்ந்த இடத்தில் கறை நிற்கும். முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட் ஈரமாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் கூலண்ட் ஓடும் குட்டி ரேடியேட்டர்) ஒழுகுகிறது.

கூலண்ட் சரியாக இருந்தும் ஹீட் ஆனால், எப்போது ஆகிறது என்று கவனியுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் மெக்கானிக்குக்கு ஒரு மணி நேர வேலை மிச்சம்.

சிக்னலிலும் டிராஃபிக்கிலும் ஏறி, வண்டி வேகமெடுத்ததும் இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை. இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி. போட்டால் பெரும்பாலான வண்டிகளில் சிறிது நேரத்தில் ஃபேன் சுழல வேண்டும். சுழலவில்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். பிறகு ரிலே. அதே எண் அச்சிட்ட இன்னொரு ரிலே, ஹாரனுடையதாக இருக்கலாம், பெட்டியிலேயே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ஃபேன் ஓட ஆரம்பித்தால் சின்னச் செலவில் வேலை முடிந்தது. கைகளை மட்டும் தள்ளி வையுங்கள். சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுழலும்.

மாறாக, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் ஃபேன்மேல் குற்றமில்லை. கூலண்ட் ஓட்டம் தடைபடுகிறது. இன்ஜின் நன்கு சூடான பின் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியபடி சிக்கியிருக்கலாம், அல்லது ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்க மாட்டேன். இன்ஜின் தன் சரியான சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோலும் அதிகம் குடிக்கும். புதியது போடுங்கள், பெரிய விலை இல்லை.

கூலண்ட் குறைந்துகொண்டே இருக்கிறது, வெளியே எங்கும் கசிவு இல்லை, சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை விடாமல் வருகிறது, ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறம் என்றால் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கிறது. வண்டியை ஓட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குளிக்கிற வாளியில் படியும் அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். டிஸ்டில்ட் வாட்டர் பேட்டரிக் கடைகளில் கிடைக்கும். கலக்காத கூலண்ட் என்றால் மேனுவல் சொல்லும் விகிதத்தில், பெரும்பாலும் பாதிக்குப் பாதி, கலந்து ஊற்றுங்கள். கலந்தே வருவதில் தண்ணீர் சேர்க்க வேண்டாம். ரேடியேட்டர் ஓட்டைக்கு மஞ்சள் தூள் போடுவது நம் பக்கம் வழக்கம். நடுவழியில் வீடு வந்து சேர உதவும். ஆனால் குழாய்களையும் அடைக்கும், பிறகு கட்டாயம் கழுவ வேண்டும். இன்னொன்று, பழைய கூலண்டைத் தெருவில் கொட்டாதீர்கள். அது இனிப்பாக இருக்கும் விஷம். நாயும் பூனையும் நக்கிச் செத்துப்போகும்.

பிரேக்கில் சத்தம்

மழைக்குப் பிறகோ வண்டி கழுவிய பிறகோ முதல் சில பிரேக்குகளில் கரகரத்தால் டிஸ்க்கில் பூத்த லேசான துரு, தானே போய்விடும். தினமும் மிதிக்கும்போதெல்லாம் "கீச்" என்றால் பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) தேய்ந்துவிட்டது. அதற்கென்றே பேடில் ஒரு தகடு வைத்திருப்பார்கள், தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். இரும்போடு இரும்பு அரைக்கும் சத்தம் வந்தால் வண்டியை எடுக்க வேண்டாம்.

பார்ப்பதற்கு முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். மேனுவலில் காட்டிய இடத்தில் மட்டும் ஜாக்கி வைத்து ஏற்றுங்கள். கழற்றிய சக்கரத்தை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன்மேல் உட்காரும். டார்ச் அடித்துப் பேடின் உரசும் பகுதியைப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்ற வேண்டும். தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். திரும்ப மாட்டும்போது நட்டுகளை ஒன்றுக்கு எதிர் ஒன்றாக இறுக்கி, வண்டியை இறக்கிய பின் கடைசி இறுக்கு. கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள்.

மாற்றும் வேலையை முதல் முறை தனியாகச் செய்யாதீர்கள் என்பதுதான் என் கருத்து. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். மற்ற எந்தப் பழுதிலும் தவறு நடந்தால் வண்டி நின்றுபோகும் அல்லது கிளம்பாமல் போகும். பிரேக்கில் தவறினால் சாலையில் இன்னொருவர் அடிபடுவார்.

பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மெல்லக் குறைவது பேட் தேய்வதால். திடீரென்று குறைந்தால் கசிவு. அதனால் குறைந்ததும் ஊற்றி நிரப்பிவிட்டுக் காரணம் தேடாமல் இருக்காதீர்கள். மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருக்கும், அதையே ஊற்றுங்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். பாதி தீர்ந்து மாதக்கணக்கில் திறந்து கிடந்த புட்டியை உபயோகிக்காதீர்கள். கார் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்டைத் தின்றுவிடும். பெடல் பஞ்சு போல அமுங்கினால் லைனில் காற்று இருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல இறங்கினால் கசிவோ மாஸ்டர் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை பிரேக் ஆயிலுக்குக் கொடுக்கும் பாகம்) பழுதோ. இரண்டிலும் வண்டியை ஓட்டக் கூடாது.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் காற்றைப் பாருங்கள். சரியான அழுத்தம் டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். வீல் அலைன்மென்ட்டெல்லாம் அதற்குப் பிறகு.

மிஸ்ஸிங், செக் இன்ஜின் விளக்கு

இன்ஜின் நடுங்குகிறது, பிக்கப் இல்லை, மஞ்சள் நிற செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டி வீடு வரலாம். சிமிட்டினால் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, சீக்கிரம் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதை உருக்கிக்கொண்டிருக்கிறது, அது மிகவும் விலை உயர்ந்த பாகம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஓ.பி.டி. சாக்கெட் (காரின் கம்ப்யூட்டரில் பழுதைப் படிக்கும் இடம்) இருக்கும். அதில் செருகும் சின்ன புளூடூத் கருவி வாங்கிப் போனில் ஆப் போட்டால் பழுதுக் கோடு (பழுதின் குறியீட்டு எண்) தெரியும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியவில்லை), பி0302 என்றால் இரண்டாவதில். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில் (ஸ்பார்க் பிளக்குக்குப் பொறிக்கான மின்சாரம் தருவது) உள்ள வண்டி என்றால் ஒரு நல்ல சோதனை உண்டு. பி0301 வந்திருந்தால், இன்ஜின் ஆறிய பின் முதல் சிலிண்டர் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றி, கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். கோடு பி0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. பி0301 ஆகவே இருந்தால் அந்த சிலிண்டரின் பிளக்கைப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நன்று. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகமாகவோ காற்று குறைவாகவோ போகிறது, ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஆயிலில் நனைந்திருந்தால் இன்ஜின் வேலை காத்திருக்கிறது. பிளக்கைத் திரும்பப் போடும்போது முதல் சுற்றுகளை விரலாலேயே திருகுங்கள். அலுமினிய ஹெட்டில் மரை கோணலாக ஏறினால் லேத் வரை போக வேண்டியிருக்கும்.

கோடு எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்வதில்லை. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று மட்டும்தான். கிழிந்த ஒரு காற்று ஹோஸ் அதற்குப் போதும். கோடைப் பார்த்ததும் சென்சார் ஆர்டர் போடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சிவப்பு ஆயில் விளக்கு வேறு விஷயம். ஓடும்போது எரிந்தால் அடுத்த பங்க் வரை போகலாம் என்று நினைக்காமல் அங்கேயே அணையுங்கள். சமதளத்தில் சில நிமிடம் விட்டு டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் ஆயில் இருக்க வேண்டும்.

மற்றவை

நிறுத்திய இடத்தில் ஈரம் தெரிந்தால் கீழே ஒரு அட்டையை இரவு விரித்து வையுங்கள். தெளிந்த வெறும் தண்ணீர் ஏ.சி.யிலிருந்து, கவலை வேண்டாம். கறுப்பு அல்லது பழுப்பு, வழவழப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்றால் கூலண்ட். சக்கரத்தின் உட்பக்கம் வெளிர் மஞ்சளாக ஒழுகினால் பிரேக் ஆயில். நீலப் புகை ஆயில் எரிவதால், கரும்புகை பெட்ரோல் அதிகமாவதால். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் கீச்சிட்டால் ஓடும் பெல்ட்டில் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் மாறினால் பெல்ட்தான்.

எலி ஒயர் கடித்த வண்டிகளைப் பார்க்காத மெக்கானிக் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத பல விளக்குகள் எரிந்தால் முதலில் பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கையும் கடிபட்ட ஒயரும் தேடுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ பேர் தண்ணீர் வடிந்ததும் செய்த முதல் வேலை சாவியைத் திருப்பியதுதான். தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, தூக்கிக்கொண்டு போகச் செய்யுங்கள். தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து போன இன்ஜினுக்குத் தனி இன்ஜின் பாதுகாப்பு இல்லாத சாதாரணப் பாலிசியில் பெரும்பாலும் பணம் கிடைக்காது.

மெக்கானிக்கிடம் போகும்போது

"வண்டி சரியில்லை, பாருங்கள்" என்று விட்டுவிட்டு வராதீர்கள். சூடான பின்னா ஆறியிருக்கும்போதா, எந்த வேகத்தில், ஏ.சி. போட்டா போடாமலா, எத்தனை நாளாக, நீங்கள் எதையெல்லாம் சோதித்தீர்கள், மீட்டரில் என்ன எண் வந்தது என்று சொல்லுங்கள். சத்தம் என்றால் போனில் பதிவு செய்துகொண்டு போங்கள், கடைக்குப் போனதும் பெரும்பாலும் அந்தச் சத்தம் வராது. நல்ல மெக்கானிக் இப்படி விவரம் சொல்பவரை விரும்புவார், வேலையும் சீக்கிரம் முடியும். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பில்லில் தேதியும் கிலோமீட்டரும் எழுதச் சொல்லி, ஓனர்ஸ் மேனுவலுக்குள்ளேயே சொருகி வையுங்கள். பேட்டரிக்கோ டைனமோவுக்கோ வாரண்டி கேட்கும் நாளில் அந்தத் தேதியைத்தான் முதலில் கேட்பார்கள்.